குத்தாலம் வழியே ஒரு தோடி

தென்காசிப் பக்கம் இருப்பது குற்றாலம். மயிலாடுதுறைப் பக்கம் இருப்பது குத்தாலம். எழுத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அருவியை நினைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இந்தக் குத்தாலத்தில் மலை கிடையாது, சாரல் கிடையாது, குரங்குகளின் அட்டகாசமும் கிடையாது. காவிரி உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல் உண்டு. பழைய கோயில்கள் உண்டு. இன்னொன்றும் உண்டு. உலகத்தில் தமிழர் வாழும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்த ஒரு நாதத்தின் சொந்த ஊர் இந்த வட்டாரம்தான்.

கும்பகோணத்தில் மயிலாடுதுறை பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று ஊர்கள் வரிசையாக வரும். கோயில்காரர்களுக்கு இது தேவாரத் தலங்களின் பாதை. விவசாயிகளுக்கு நெல்லின் பாதை. 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறையில்தான் இருக்கிறது. ‘ஏ.டி.டி.’ என்று தொடங்கும் நெல் ரகங்களுக்கெல்லாம் அந்த ஊரின் பெயர்தான் முன்னெழுத்து.

இசை ரசிகர்களுக்கோ இது மேளக்காரர்களின் பாதை. திருவிடைமருதூர் என்றால் வீருசாமி பிள்ளை. தெற்கே விலகினால் திருவீழிமிழலை சகோதரர்கள். மயிலாடுதுறையைத் தாண்டிக் கிழக்கே போனால் ரக்திக்குப் பேர்போன செம்பொன்னார்கோவில். நடுவில், குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் இடையே, திருவாவடுதுறை. அந்த ஊரின் பெயரைச் சொன்னால் இசை தெரிந்தவர்கள் அடுத்த நொடி சொல்லும் பெயர் ராஜரத்தினம் பிள்ளை. அதற்கும் அடுத்து அவர்கள் சொல்லும் சொல், தோடி.

சொன்ன சொல் காத்தவர் ஊர்

முதலில் குத்தாலத்திலேயே இறங்கிவிடலாம். மயிலாடுதுறையிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது அதன் வட்டங்களில் ஒன்றாக வந்தது குத்தாலம். அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டம். அதற்கும் முன் பழைய தஞ்சாவூர் ஜில்லா. ஊர்க்காரர்கள் இன்னமும் தஞ்சாவூர்க்காரர்கள்தான் பேச்சிலும் சமையலிலும்.

ஊரின் பழைய பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றின் நடுவே இருக்கும் திட்டு. ஒரு காலத்தில் காவிரி இந்த ஊரின் இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று கோயில் காவிரியின் தென்கரையில் இருக்கிறது. சுவாமி உக்தவேதீஸ்வரர். தமிழில் அவருக்கு இன்னும் அழகான பெயர் உண்டு: சொன்னவாறறிவார். அம்பாள் அரும்பன்ன வனமுலையாள். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி கற்றளியாக எடுத்த கோயில்களில் இதுவும் ஒன்று.

பூமியில் பரத முனிவரின் மகளாகப் பிறந்த அம்பிகையை முறைப்படி மணக்க இறைவன் இங்கே வந்தார், அவருக்கு நிழல் தந்தபடி ஒரு உத்தால மரமும் கூடவே வந்தது என்கிறது தலபுராணம். திரும்பிப் போகும்போது அந்த மரத்தையும் தன் பாதுகைகளையும் அடையாளமாக விட்டுப் போனாராம். உத்தால மரம் நின்ற ஊர் என்பதால் உத்தாலம், அதுவே பேச்சு வழக்கில் குத்தாலம்.

இதில் சுவையான இன்னொரு சேதி இருக்கிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கண்பார்வை இழந்த சுந்தரர், உடம்பில் நோயும் பற்றிய நிலையில் இங்கே வந்து குளத்தில் முழுகி நோய் நீங்கினார் என்கிறது பெரியபுராணம். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் சாமியின் ஊரில், சொல் தவறியவருக்கு மருந்து கிடைத்திருக்கிறது.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், குறிப்பாகக் கடைசி ஞாயிறன்று, இங்கே காவிரியில் தீர்த்தவாரி விசேஷம். பஞ்சமூர்த்திகள் புறப்பாடு, ஆற்றங்கரையில் கூட்டம், முன்னால் மேளம். சுவாமி கோயிலை விட்டுக் கிளம்பும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி கேட்கும். கம்பீர நாட்டையில், சொற்களே இல்லாமல் லயக் கட்டோடு நடக்கும் உருப்படி அது. வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குக்கூட அதைக் கேட்டதும் சுவாமி புறப்பட்டாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

நாயனத்தின் வேலையே அதுதான். வீதி முழுக்கக் கேட்க வேண்டும், கூட்டத்தின் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டும், இரவு முழுக்கக் கேட்க வேண்டும். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. அதை வீட்டு முற்றத்தில் ஒரு பெட்டிக்குள் அடக்கிக் கேட்க முடியும் என்று நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கே யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மடத்து ஊருக்கு வந்த பிள்ளை

குத்தாலத்திலிருந்து கும்பகோணம் சாலையில் மேற்கே போனால் கொஞ்ச நேரத்தில் திருவாவடுதுறை. மாசிலாமணீஸ்வரர் கோயில், ஒப்பிலாமுலை அம்மை சந்நிதி, பக்கத்திலேயே சைவ ஆதீனம். 16-ஆம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகள் நிறுவிய மடம் இது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இங்கே ஆதீன வித்துவானாக இருந்து பாடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் படித்த இளைஞர்தான் பிற்காலத்தில் ‘தமிழ்த் தாத்தா’ ஆன உ.வே.சாமிநாதையர்.

மடம் என்றால் சாப்பாடும் சாஸ்திரமும் மட்டும் அல்ல. காலையும் மாலையும் பூஜைக்கு மேளம் வேண்டும். ஆதீனத்தின் நாகஸ்வர வித்வானாக இருந்தவர் திருமருகல் நடேச பிள்ளை. அவருடைய சகோதரி மகனாக 1898 ஆகஸ்ட் 27-ல் திருமருகலில் பிறந்த குழந்தைக்குப் பாலசுப்பிரமணியம் என்று பெயர். தாய்மாமன் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டார். பெயர் ராஜரத்தினம் என்று ஆனது. ‘டி.என்.’ என்பதில் இருப்பது அந்தத் திருமருகலும் அந்த நடேச பிள்ளையும்தான்.

பையன் கையில் முதலில் நாயனம் வரவில்லை. பாட்டுத்தான் வந்தது. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டார். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரப் பாடம். இந்த வரிசை முக்கியம். முதலில் பாடகர், அப்புறம் நாயனக்காரர். குழலை ஊதும்போது அவர் மனசுக்குள் பாடிக்கொண்டிருந்தார் என்பதைக் கேட்டவர்கள் எல்லோரும் உணர்ந்தார்கள். கச்சேரிப் பாடகர்களிலேயே உச்சத்தில் இருந்த ஜி.என்.பாலசுப்பிரமணியம், ராஜரத்தினத்தின் வாசிப்பால் தன் பாட்டு செழித்தது என்று நினைத்தவர். நாயனம் பாட்டைப் பின்தொடர்ந்த காலம் போய், பாட்டு நாயனத்தைப் பின்தொடர்ந்தது.

இடுப்பில் கட்டிய துண்டு

அந்தக் காலத்து நாயனக்காரர் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கையில் ராஜவாத்தியம் என்பார்கள். ஆனால் வாசிப்பவர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். மேலே சட்டை கூடாது. தோளில் கிடக்கும் துண்டைப் பெரிய மனிதர்கள் முன்னால் இடுப்பில் இறக்கிக் கட்ட வேண்டும். கல்யாண வீட்டில் ஊர்வலத்துக்கு அவர்தான் முதல், பந்திக்கு அவர் கடைசி. பாட்டுக் கச்சேரி செய்பவருக்கு மேடையும் ஜமக்காளமும் உண்டு. மேளக்காரருக்கு வாசல்.

ராஜரத்தினம் இதற்குச் சம்மதிக்கவில்லை. குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். சட்டை போட்டார், ஷெர்வானி போட்டார். காரில் வந்து இறங்கினார். வாய்ப்பாட்டுக்காரர்களைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். பக்கத்தில் ஒத்து ஊதுபவருக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். ஒத்து என்பது நாயனம் போலவே இருக்கும், ராகம் வாசிக்கும் துளைகள் இல்லாமல் ஒரே சுருதியை மட்டும் ஊதும் குழல். அதன் இடத்தில் தம்புரா வந்தது வெறும் வசதிக்காக அல்ல. ‘இது வீதி வாத்தியம் மட்டும் இல்லை, சபையில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியமும்கூட’ என்று சபைக்குச் சொல்லும் வழி அது.

‘கர்வம் பிடித்தவர்’ என்று பேசியவர்கள் உண்டு. அந்தக் கர்வத்தின் பலனை அவருக்குப் பின்னால் வந்த எல்லா நாயனக்காரர்களும் அனுபவித்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததால்தான் மற்றவர்களுக்கும் ஜமக்காளம் விரிக்கப்பட்டது.

பழைய வீட்டுத் தூணிலிருந்து

சபையில் வாசிக்க மனசு மட்டும் போதுமா? வாத்தியமும் ஒத்துழைக்க வேண்டுமே. அதற்கு விடை கிடைத்த ஊர், கூப்பிடு தூரத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டை.

அதுவரை பரவலாக இருந்தது திமிரி நாகஸ்வரம். அளவில் குட்டையானது, சுருதி உச்சம், தெருக்கோடி வரை பாயும். பாரி நாகஸ்வரம் நீளமானது, ஏறத்தாழ மூன்று அடி. அதன் சுருதி தாழ்ந்திருக்கும், நாதம் கனமாக இருக்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பல முறை செய்து பார்த்து, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும்படி பாரி நாகஸ்வரத்தைத் திருத்தமாக உருவாக்கினார். அதை வாசித்துப் பார்த்து, குறை சொல்லி, மறுபடி செய்யவைத்து, கடைசியில் தன் வாத்தியமாக்கிக்கொண்டவர் ராஜரத்தினம். இரண்டு பேரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் என்பதால்தான் இது நடந்தது. காலையில் துளை போட்டால் மாலையில் அபிப்பிராயம் கிடைத்துவிடும்.

நரசிங்கம்பேட்டையில் இன்றும் நாகஸ்வரம் கையால்தான் உருவாகிறது. மரம் ஆச்சா. அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம், நிலைக்கதவு எதுவானாலும் பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் பார்த்து ஈரம் முழுக்க வற்றிய மரமாக இருக்க வேண்டும். அதை அறுத்து, கடைசல் பிடித்து, உள்ளே நெடுகத் துளைபோட்டு, மேலே விரல் துளைகள் இடுகிறார்கள். அடியில் பொருத்தும் அகன்ற வாய்க்கு அணசு என்று பெயர். அது வாகை மரத்தில் செய்வது. விரல்களுக்கு ஏழு துளைகள். சாவியோ மூடியோ எதுவும் கிடையாது. அரைத் துளை மூடுவதும் கால் துளை மூடுவதும் விரலின் சாமர்த்தியம். மீதி, மூச்சின் சாமர்த்தியம்.

ஊதும் வாயில் இருப்பது சீவாளி. ஆற்றோரம் வளரும் கொறுக்கைத் தட்டையைக் காயவைத்து, பதப்படுத்தி, மடித்து, நூலால் இறுக்கிக் கட்டிச் செய்வது. திருவாவடுதுறை சீவாளி என்றால் நாயனக்காரர்கள் மத்தியில் தனி மதிப்பு. குழலிலிருந்து கயிற்றில் தொங்கும் நாலைந்து சீவாளிகளையும் ஒரு ஊசியையும் பார்த்திருப்பீர்கள். ஒன்று தொண்டை கட்டினால் அடுத்தது. மரம் ஒரு ஊரில், நாக்கு அடுத்த ஊரில். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடை.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளுக்கு அதில் பெருமைதான். பட்டறைக்காரர்களின் கவலை வேறு. பழைய ஆச்சா மரம் கிடைப்பது வருடத்துக்கு வருடம் அரிதாகிறது. இடிக்கிற வீடுகளில் மரமே இல்லாத காலம் இனி வரப்போகிறது. கான்கிரீட் தூணில் நாயனம் கடைய முடியாது.

இரண்டு பக்கத் தோடி

இப்போது அந்த இசைத்தட்டுக்கு வரலாம்.

இந்தியாவில் கிராமபோன் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை கல்கத்தாவில் 1908-லேயே வந்துவிட்டது. அடுத்த முப்பது வருடங்களில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டி, பணக்கார வீடுகளிலிருந்து கடைத்தெருவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் இறங்கியது. அரக்கினால் ஆன தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான் இடம்.

உலகத்தில் பல இடங்களில் அந்த மூன்று நிமிடம்தான் கிராமத்துக் கலைஞர்களுக்குக் கதவைத் திறந்தது. அமெரிக்காவில் 1927 கோடையில் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில், மலைக்காட்டுப் பாட்டுக்காரர்களை அழைத்து வந்து பதிவு செய்தார் ரால்ஃப் பியர். அங்கே பாட வந்தவர்களில் ரயில்வேயில் வேலை பார்த்த ஜிம்மி ராட்ஜர்ஸும் ஒருவர். அவருடைய தனிப்பாட்டுத் தட்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர, ‘கன்ட்ரி மியூசிக்’ என்ற கிராமத்துச் சங்கீதம் நாடு முழுவதற்கும் சொந்தமானது.

காவிரிக் கரையில் அந்த இடம் ராஜரத்தினத்தின் தோடிக்கு. கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்த ராக ஆலாபனையை அவர் தட்டின் இரண்டு பக்கங்களுக்குள் அடக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு மீதியைக் கேட்க வேண்டும். ஆலாபனை என்பதால் அதில் சாகித்தியம் கிடையாது, சொல் கிடையாது. பாஷை தெரியாதவருக்கும் அது புரிந்தது.

தோடி லேசுப்பட்ட ராகம் அல்ல. 72 மேளகர்த்தாக்களில் எட்டாவது. அதன் காந்தாரம் ஓர் இடத்தில் நிலையாக நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆர்மோனியக் கட்டையை அமுக்கினால் அந்த அசைவு வராது. குரலில் வரும். சாவியில்லாத துளையும் சொன்னபடி கேட்கும் சீவாளியும் இருந்தால் நாயனத்தில் வரும். பாடகராகத் தொடங்கியவருக்கு, ரங்கநாதன் ஆசாரி கைப்பட்ட குழல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தோடிதான் சாட்சி.

அந்தத் தட்டால் அவர் பெயரே மாறியது. ‘தோடி ராஜரத்தினம்’ என்றார்கள். பெரிய மனிதர் வீட்டுக் கூடத்திலும் கேட்டது, வாசலில் நிற்பவருக்கும் கேட்டது. கடல் கடந்து போன தமிழர்களும் கேட்டார்கள். திருவாவடுதுறைத் திருவிழாவுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குத் திருவாவடுதுறை போனது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்த பிறகு, விடிகாலை மங்கள இசை என்றாலே நாகஸ்வரம் என்று ஆனது.

புகழ் அவரைச் சினிமாவுக்கும் இழுத்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில், 1940-ல், கவி காளமேகமாகவே நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 மாலை, திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய செங்கோல் டெல்லியில் நேருவிடம் தரப்பட்டபோது ஆதீனக் குழுவோடு அவருடைய நாயனமும் போயிருந்தது. அதே சுதந்திரக் கொண்டாட்டத்தில் செங்கோட்டையில் பிஸ்மில்லா கானின் ஷெனாய் ஒலித்தது. வடக்கே கல்யாண வாசலில் நின்ற ஷெனாயை மேடைக்கு ஏற்றியவர் அவர். தெற்கே நாயனத்தை ஏற்றியவர் இவர். வாசலில் நின்ற இரண்டு வாத்தியங்களும் ஒரே நேரத்தில் தலைநகருக்குள் நுழைந்தன.

1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது வந்தது. 1956 டிசம்பர் 12-ல் அவர் மறைந்தார். சீடர்களில் காருகுறிச்சி அருணாசலம் அந்தப் பாணியைத் தெற்கே எடுத்துப் போனார். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாயனம் அவருடையது. 1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது, மேடையில் உட்கார்ந்து, அரைகுறையாகக் கேட்பவர்களைக் கண்டிக்கும் நாயனக்காரரைப் பார்த்துத் தியேட்டர் கைதட்டியது. அப்படி ஒரு கதாநாயகனை ரசிகர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டதற்கு, அதற்கு முன்னால் நிஜத்தில் ஒருவர் அப்படி இருந்து காட்டியிருந்ததும் ஒரு காரணம்.

கூடு விட்டுக் கூடு

திருவாவடுதுறைக்கு ஒரு பழைய கதை உண்டு. கயிலாயத்திலிருந்து வந்த யோகி ஒருவர் பக்கத்துச் சாத்தனூரில் மாடுகள் அழுது நிற்பதைப் பார்த்தார். மேய்ப்பன் மூலன் செத்துக் கிடந்தான். மாடுகளின் துயரம் பொறுக்காமல் யோகி தன் உடலை ஓரிடத்தில் விட்டு மூலன் உடலில் புகுந்தார். மாடுகள் மகிழ்ந்தன. திரும்பி வந்து பார்த்தால் தன் உடலைக் காணவில்லை. மூலன் உடலிலேயே தங்கித் திருமூலர் ஆனார், திருமந்திரம் பாடினார். அவருடைய சமாதி கோயிலிலேயே இருக்கிறது.

ராஜரத்தினத்தின் நாதத்துக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அது அரக்குத் தட்டுக்குள் புகுந்தது. அங்கிருந்து ஒலிநாடாவுக்கு, குறுந்தட்டுக்கு, இப்போது கைபேசிக்கு. யூடியூபில் தேடினால் அந்தத் தோடி நொடியில் வருகிறது. கேட்பவர்களுக்குச் சந்தோஷம்.

ஆனால் விட்டுவந்த உடல் என்ன ஆனது என்பதையும் கேட்க வேண்டும். நாதம் தட்டில் தனியாகப் போகத் தெரிந்துகொண்ட நாளிலேயே, நாயனக்காரர் இல்லாமலும் நாயனம் கேட்கலாம் என்று ஊர் தெரிந்துகொண்டது. கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நேரத்துக்கு ஒலிபெருக்கியில் மங்கள இசை ஓடுகிறது. பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் மின்சார மேளம் வந்துவிட்டது. அதற்குச் சம்பளம் வேண்டாம், பிரசாதக் கட்டி வேண்டாம். அதற்குப் பூபாளமும் தெரியாது, நீலாம்பரியும் தெரியாது. விடியற்காலைக்கும் பள்ளியறைக்கும் ஒரே சத்தம்.

வாசலில் நின்றவரை மேடைக்கு ஏற்றியது அந்தத் தட்டு. அதே தட்டின் பேரன் பேத்திகள்தான் இன்று வாசலிலிருந்தும் அவரை அனுப்பிவைக்கின்றன. இதற்கு ராஜரத்தினத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் தட்டில் கொடுத்தது ஆறேழு நிமிடம். வீதியில் கொடுத்தது ஓர் இரவு. ஆறேழு நிமிடத்தைக் கேட்டுவிட்டு இரவைத் தேடி வருவார்கள் என்றுதான் எந்தக் கலைஞரும் நினைப்பார். அவர் காலத்தில் அப்படித்தான் வந்தார்கள்.

நிலைமை முழுக்க இருட்டும் இல்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் பாடமாக இருக்கின்றன. பெண்களும் படித்து வெளியே வந்து வாசிக்கிறார்கள். குத்தாலம் பக்கத்துக் கல்யாணங்களில் இன்னமும் ‘மேளம் யாரு?’ என்பது சமையல்காரர் யார் என்பதற்கு இணையான கேள்விதான். பத்திரிகையில் நாகஸ்வரக்காரர் பெயரைத் தனி வரியில் போடும் வழக்கமும் இந்தப் பக்கத்தில் முழுக்கப் போய்விடவில்லை.

போகிறவர்களுக்கு

ஒரு நாள் போதும். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ தங்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே ஓடும் பேருந்துகளில் குத்தாலத்தில் இறங்கிக்கொள்ளலாம். ரயிலில் வருவதானால் எல்லா ரயிலும் இந்தச் சின்ன நிலையங்களில் நிற்காது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலையில் குத்தாலம் கோயில். நடுப்பகலில் நடை சாத்துவதற்குள் திருவாவடுதுறைக்குப் போனால் கோயிலையும் திருமூலர் சந்நிதியையும் நிதானமாகப் பார்க்கலாம். மாலையில் நரசிங்கம்பேட்டை. வேலை நடக்கும் பட்டறைக்குள் அனுமதி கேட்டுவிட்டு நுழைவது மரியாதை. கடைசல் நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பது இன்னும் மரியாதை. நேரம் மிச்சம் இருந்தால் கம்பர் பிறந்த தேரழுந்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய ஐம்பொன் நடராஜரைப் பார்க்க வேண்டும் என்றால் கோனேரிராஜபுரம்.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் குறுவை நாற்று பச்சை பிடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயல் தளும்பும். மழைக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மழையோடு வரும் கார்த்திகைக் கடைஞாயிறுதான் குத்தாலத்துக்கு வர ஏற்ற நாள். தையில் திருவாவடுதுறையில் ரதசப்தமி விழா.

வருவதற்கு முதல் நாள் இரவு அந்தத் தோடியை ஒரு முறை கேட்டுவிட்டு வரலாம். பழைய தட்டின் கரகரப்போடு ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு இங்கே புறப்பாட்டில், சுவாமிக்கு முன்னால் போகும் மேளத்துக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். வீதி முக்கில் சுவாமி நிற்பார். நாயனக்காரர் சீவாளியை மாற்றிக்கொண்டு ராகத்தைத் தொடங்குவார். அது தோடியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கூட்டத்தில் நாலு பேர் நின்று கேட்டால் அவர் இன்னும் கொஞ்சம் வாசிப்பார். பத்துப் பேர் நின்றால் சுவாமி அடுத்த வீதிக்குப் போக நேரமாகும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.